ஒரு கம்பிக்கும் வழியில்லையா?

தோட்டங்களுக்குச் சென்று திரும்பும் சங்கப் பிரதிநிதிகள் நம்மிடம் கொண்டுவரும் குறைகளில் ஒன்று சில ஆண்டுகளாகத் தவறாமல் இடம்பெற்று வருகின்றது. கூலிக் குறை, வீட்டுக் குறை, தண்ணீர்க் குறை என்ற பழைய மூன்றுக்கும் பக்கத்தில் நான்காவதாக வந்து உட்கார்ந்துகொண்ட குறை அது. “லயத்தில் லைன் இல்லை” என்பதே அந்தக் குறை. லயம் என்ற சொல்லே வெள்ளைக்காரனின் ‘லைன்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அப்படியானால் லைனிலேயே லைன் இல்லை என்றாகிறது! கேட்பவனுக்கு இது வேடிக்கை. அனுபவிப்பவனுக்கு வேடிக்கையல்ல.

அண்மையில் ஒரு தோட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம்; அந்தத் தோட்டம் ஒன்று மட்டும் இப்படி இருந்தால் அல்லவா பெயர் சொல்லவேண்டும்! மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கின்றது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே கூட்டம் கூடுகின்றது. பஜனைக்கு அல்ல. கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் இரண்டடி, இந்தப் பக்கம் இரண்டடி என்று நகர்ந்து, எங்கே குரல் கேட்கிறதோ அங்கே சிலைபோல் நிற்கிறார்கள். நம்மவர்கள் மட்டுமல்ல, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து உளி பிடிக்கும் தோழர்களும் நிற்கிறார்கள். ஊரிலிருக்கும் பிள்ளையின் குரலை ஒரு நிமிடம் கேட்பதற்காக. அந்த மேட்டுக்கு ‘லைன் மேடு’ என்றே பெயராகிவிட்டது.

மழை ஓய்ந்த ஒரு விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போன ஒருவர் சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தாராம். பக்கத்து நிரையில் நின்ற பெண்ணின் மடியில் கைப்பேசி இருந்தது. அதில் பணமும் இருந்தது. அலைதான் இல்லை. அவர் வாளியைப் போட்டுவிட்டு லைன் மேட்டுக்கு ஓடியிருக்கிறார். ஒன்றரை மைல்! 999 என்ற மூன்று எண்ணை அழுத்துவதற்கு ஒன்றரை மைல் ஓட்டம். அவர் ஓடிய நேரத்தில் விழுந்தவர் பட்ட வேதனைக்கு யார் பொறுப்பு என்று அந்த அம்மையார் நம்மைக் கேட்டார். நமக்கு அப்பொழுது பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

கேட்டால் சொல்லப்படும் சமாதானம் எல்லாருக்கும் தெரிந்ததே. மலை மறைக்கிறது, மரம் மறைக்கிறது, தோட்டம் தூரத்தில் இருக்கிறது, என்ன செய்வது என்பார்கள். பழி முழுவதும் இயற்கையின் தலையில்! இதில் உண்மை எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று நாம் பிரித்துப் பார்க்கவேண்டாமா?

உண்மை இருக்கத்தான் செய்கின்றது. கோபுரத்திலிருந்து புறப்படும் வானலை நான்கு பக்கமும் விரிந்துகொண்டே போகிறது. விரிய விரிய அதன் பலம் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் பலம் நான்கில் ஒரு பங்கு, அதுவும் வெட்டவெளியில். நடுவில் மலை நின்றால் அதன் பின்புறம் நிழல் விழுகிறது. மரங்கள் நின்றால் இலையும் கிளையும் அலையை உறிஞ்சுகின்றன, சிதறடிக்கின்றன. நனைந்த இலை இன்னும் மோசம்.

இதிலும் ஒரு வேற்றுமை உண்டு. 2600 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் அலையின் நீளம் ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். நம் ரப்பர் இலையின் அளவுதான்! இலையோடு மல்லுக்கட்டியே அந்த அலை ஓய்ந்து போகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையோ 43 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அது மரங்களுக்கிடையே கொஞ்சம் தாராளமாக நடந்துபோகும். பழைய முறைத் தொலைக்காட்சியை மலேசியா 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் நிறுத்தியபோது காலியானது இந்த நீள அலைதான். ஆகவே இலையுதிர் காலத்தில் லைன் கொஞ்சம் தேறுகிறது என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு யாரும் சிரிக்கவேண்டாம். அவர்கள் படிக்காமலே கண்ட பௌதிகம் அது.

சரி, விரிந்துபோகும் அலைக்கு மலையும் மரமும் எதிரி. விரியாமல் ஒரே வழியாகப் போகும்படி அலையைக் கட்டி நடத்த முடியாதா? முடியும். மனிதன் செய்துகாட்டி 180 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதுவும் இரண்டு கம்பியால் அல்ல, ஒரே கம்பியால்.

மின்சாரம் ஓட வேண்டுமானால் போகும் வழி ஒன்று, திரும்பும் வழி ஒன்று என்று இரண்டு வேண்டும். இதுதான் பள்ளிப் பாடம். 1838-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து விஞ்ஞானி ஸ்டைன்ஹைல் என்பவர், திரும்பும் வழிக்குக் கம்பியே வேண்டியதில்லை, பூமியே போதும் என்று கண்டார். கம்பியின் இரு முனையிலும் உலோகத் தகட்டை ஈரமண்ணில் புதைத்தால் பூமித்தாய் மின்சாரத்தைத் திருப்பித் தந்துவிடுகிறாள். மண் நல்ல கடத்தியல்லவே என்று கேட்கலாம். தகட்டை ஒட்டிய மண்ணில்தான் நெருக்கடி. அதைத் தாண்டிவிட்டால் மின்சாரம் அகலமாகப் பரவிக்கொள்ள இடம் கணக்கில்லாமல் இருக்கிறது. அகலமான சாலையில் நெரிசல் ஏது? இதனால் தந்திக்குச் செம்பு பாதியாயிற்று, செலவு குறைந்தது, உலகமெல்லாம் ஒற்றைக் கம்பியில் தந்தி பேசியது.

அடுத்து வந்தது டெலிபோன். இங்கேதான் நாம் ஒரு கதையைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் டெலிபோனின் மூலப் பேடண்டுகள் பெல் கம்பெனியிடம் இருந்தன. நகரத்து வியாபாரிகளுக்கும் பணக்கார வீடுகளுக்கும் கம்பி இழுத்த கம்பெனி, நாட்டுப்புற விவசாயியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மைலுக்கு ஒரு வீடு, இலாபம் எங்கே? அன்று சொல்லப்பட்ட காரணமும் இன்று நமக்குச் சொல்லப்படும் காரணமும் ஒரே அச்சில் வார்த்தவை. 1893, 1894-இல் அந்தப் பேடண்டுகள் காலாவதியாயின. விவசாயிகள் காத்திருக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள், தபாலில் டெலிபோன் பெட்டிகளை வரவழைத்தார்கள், தாங்களே கம்பம் வெட்டி நட்டு ஒற்றைக் கம்பி இழுத்தார்கள். பூமியைத் திரும்பும் வழியாக்கினார்கள். மேற்குப் பகுதியில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதற்கும் ஒருபடி மேலே போனார்கள். கம்பமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், மாடு தாண்டாமலிருக்கப் போட்ட முள்வேலி இருக்கிறதே, அதிலேயே பேசுவோம் என்று பேசினார்கள்! கம்பி மரத்தில் படாமலிருக்க உடைந்த போத்தலின் கழுத்தையும் தோல் துண்டையும் செருகிக்கொண்டார்கள்.

குறை இல்லாமலில்லை. ஒரே கம்பியில் பல வீடுகள். ஒரு நீள மணி, இரண்டு குட்டை மணி என்று வீட்டுக்கு வீடு அடையாளம். யாருக்கு மணி அடித்தாலும் எல்லாரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஊர்வம்பு அத்தனையும் கம்பியில் ஓடும். (நம் தண்ணீர்க் குழாயடி அமெரிக்காவிலும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) மழை பெய்தால் முள்வேலி ஊமையாகிவிடும். ஆனால் ஒரு வீட்டில் பிரசவ வலி என்றால் வைத்தியரைக் கூப்பிட வழி இருந்தது. தீப்பிடித்தால் பத்து வீட்டுக்காரர் ஓடிவர வழி இருந்தது. அந்த வழியை எந்த முதலாளியும் தரவில்லை; அவர்களே கூடிச் செய்துகொண்டார்கள்.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒற்றைக் கம்பிக்கு ஒரு பலவீனம் உண்டு. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக வாளி தொங்கவிட்டு நடக்கிறவரை ஒரு காற்றடித்தால் இரண்டு வாளியும் சேர்ந்தே ஆடும், நடை தடுமாறாது. ஒரே கையில் ஒரே வாளி என்றால் காற்று இழுத்த பக்கமெல்லாம் போகவேண்டும். இரட்டைக் கம்பியில் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாகப் படிந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். ஒற்றைக் கம்பியில் தீர்ப்பதற்குத் துணை இல்லை. மின்சார டிராம் வண்டி வந்த ஊர்களில் ஒற்றைக் கம்பி டெலிபோன் அலறத் தொடங்கியது. நகரங்கள் இரட்டைக் கம்பிக்கு மாறின. கிராமத்தில் மாற்றப் பணமில்லை. மின்சாரக் கம்பி பக்கத்தில் வந்ததும் அங்கும் ‘ஹூம்’ என்ற ரீங்காரம் பேச்சை விழுங்கியது. நடுவில் பொருளாதார மந்தம் வந்து கம்பங்களைப் பழுதுபார்க்கவும் வழியில்லாமல் செய்தது. 1920-இல் அமெரிக்கப் பண்ணைகளில் 100க்கு 39 வீட்டில் டெலிபோன் இருந்தது. 1940-இல் அது 100க்கு 25 ஆகிவிட்டது! விஞ்ஞானம் முன்னே போனது, கிராமம் பின்னே போனது.

அதைத் திருப்பியது எது? சந்தையல்ல. கிராமத்துக்கு மின்சாரம் கொடுக்க 1936-இல் இயற்றிய சட்டத்தை 1949-இல் திருத்தி, கிராம டெலிபோனுக்கும் அரசாங்கம் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுக்கும் என்று ஆக்கினார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் அந்தக் கடனை வாங்கி நல்ல கம்பி இழுத்தன. கூட்டுறவும் அரசாங்கக் கடனும் சேர்ந்தால் கம்பி வரும். தனித்தனியே விட்டால் வந்த கம்பியும் துருப்பிடிக்கும்.

ஒற்றைக் கம்பியின் கதை அத்தோடு முடியவில்லை. 1925-இல் நியூசிலாந்தின் எஞ்சினியர் லாயிட் மண்டேனோ, டெலிபோனுக்கு மட்டுமல்ல, மின்சாரத்துக்கே ஒற்றைக் கம்பி போதும் என்று காட்டினார். ஆஸ்திரேலியாவின் ஆளில்லாப் பெருவெளிகளில் இன்றும் ஒற்றைக் கம்பியும் பூமியும் சேர்ந்து பண்ணைகளுக்கு விளக்கெரிக்கின்றன. எண்ணிக்கையில் குறைந்தவன், தூரத்தில் இருக்கிறவன், அவனுக்கு எதற்கு என்று அங்கே விட்டுவிடவில்லை. மலிவாக எப்படிக் கொண்டுபோகலாம் என்று மூளையைச் செலவழித்தார்கள்.

இன்னொன்று இதைவிட வியப்பு. அதிவேக அலைகளுக்குத் திரும்பும் வழியே தேவையில்லை, பூமிகூட வேண்டாம். ஒரே ஒரு கம்பி, அதைத் தழுவிக்கொண்டு அலை போய்விடும். இதன் கணக்கை 1899-இலேயே ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் எழுதினார். 1950-இல் அமெரிக்க ராணுவத்தின் தகவல் தொடர்பு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்த ஜார்ஜ் கோபௌ, கம்பிக்கு மேல் மெல்லிய பூச்சு கொடுத்தால் அலை சற்று வேகம் குறைந்து கம்பியோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று செய்து காட்டினார். இரு முனையிலும் புனல் போன்ற கூம்பு. ஒரு கூம்பில் ஊற்றினால் மறு கூம்பில் பிடித்துக்கொள்ளலாம்.

பால்வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெட்டிய கோட்டிலேயே பால் வழிந்து தகரத்துக்கு வந்து மங்கில் விழுகிறதல்லவா? கோடு வழிகாட்டுகிறது, பால் அதைப் பற்றிக்கொண்டு வருகிறது. அலையும் அப்படித்தான் கம்பியைப் பற்றிக்கொண்டு வருகிறது. வேற்றுமை என்னவென்றால், அது கம்பிக்குள்ளே ஓடுவதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள வெளியில் ஓடுகிறது. நான்கு பக்கமும் விரிந்து வீணாகாததால் வழியில் மலை இருந்தாலும் கவலையில்லை, கம்பி போன வழியே அலை போகும். சேதமும், ஓரச்சு கேபிள் என்று சொல்லும் தடித்த கம்பியில் ஆவதைவிடக் குறைவு. ஆனால் பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டுத் தாறுமாறாக வழிவது போலவே, கம்பி மழையில் நனைந்தால் அலைக்கும் சேதம் அதிகம். கம்பியைத் திடீரென்று மடக்கினால் அந்த முடக்கில் அலை வெளியே சிந்திவிடும். பக்கத்தில் மரக்கிளை உரசினாலும் கெடும். அதனால்தான் இந்த முறை எங்கும் பரவாமல், சில இடங்களில் மட்டும் பயன்பட்டது. 2016-இல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கம்பெனி, கிராமத்து மின்கம்பிகளின் ஓரமாகவே அதிவேக அலையை ஓடவிட்டு இண்டர்நெட் கொடுக்கலாம் என்று அறிவித்தது. 2017-இல் ஜார்ஜியா மாநிலத்தில் சோதனையும் நடத்தியது. அது வீட்டுக்கு வீடு வந்துவிடவில்லை.

ஆகவே தோட்டத்துக்கு மாயக் கம்பி ஒன்று வருகிறது என்று யாராவது விற்க வந்தால் தோழர்கள் ஏமாறவேண்டாம். மழை நாடு நம் நாடு. மரக்காடு நம் தோட்டம். கோபௌவின் கம்பி நம் லயத்துக்குப் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. நாம் சொல்வது வேறு. தொலைவில் இருக்கிறவனிடம் செய்தி கொண்டுபோவது எப்படி என்ற கேள்விக்கு விஞ்ஞானம் ஒரு தலைமுறைகூடச் சும்மா இருந்ததில்லை. முள்வேலியில் பேசினார்கள், பூமியில் பேசினார்கள், கம்பியின் தோலில் பேசினார்கள். இன்று கண்ணாடியில் பேசுகிறார்கள்.

கண்ணாடி இழை என்பது தலைமயிர் பருமனுள்ள ஒரே இழை. அதில் போவது ஒளியலை. போவதற்கு ஒரு நிறம், வருவதற்கு வேறு நிறம் என்று வைத்து, ஒரே இழையில் இரு வழியும் பேசுகிறார்கள். மறுபடியும் ஒற்றைக் கம்பிதான்! மின்சாரம் பக்கத்தில் ஓடினாலும் அதற்கு ரீங்காரம் இல்லை. உலோகமே இல்லாத கேபிளாகச் செய்து மின்கம்பத்திலேயே தொங்கவிடலாம். மழையில் நனைந்தாலும் உள்ளே ஓடும் ஒளிக்குக் கேடில்லை. லயத்து வாசலில் மின்கம்பம் நிற்கும் தோட்டத்தில் ‘மலை மறைக்கிறது’ என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? மின்சாரம் மலையைச் சுற்றிக்கொண்டு வரவில்லையா?

1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் லயத்துக்குக் குடிநீரும் மின்சாரமும் தரவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் எழுதிய காலத்தில் கைப்பேசி துரைமார் காரில் மட்டும் இருந்தது. இன்று நிலைமை வேறு. 2020-இல் கொரோனா நோயால் பள்ளிகளை மூடியபோது பாடம் கைப்பேசிக்கு வந்தது. லைன் மேட்டில் குடைபிடித்து உட்கார்ந்து படித்த பிள்ளைகளை நாம் பார்த்தோம். 2021-இல் தடுப்பூசிக்குப் பெயர் பதிவதும் கைப்பேசியில். அதே ஆண்டின் இறுதியில் 3ஜி அலையை நிறுத்தினார்கள்; பழைய கருவி வைத்திருந்தவனுக்கு இருந்ததும் போயிற்று. தண்ணீரும் விளக்கும் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில் தொலைபேசி அலையையும் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை.

பணம் எங்கே என்பார்கள். 1998-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின்கீழ், பெரிய தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் நிகர வருமானத்தில், சட்டம் வகுத்த கணக்குப்படி, 100க்கு 6 வீதம் ஒரு பொது நிதிக்குச் செலுத்துகின்றன. வசதியற்ற இடங்களுக்கு வசதி செய்வதற்கென்றே உள்ள நிதி அது. 2020-இல் ‘ஜெண்டேலா’ என்ற திட்டமும் அறிவித்தார்கள். மக்கள் குடியிருக்கும் பகுதிகளில் 4ஜி அலை 100க்கு 91.8 இலிருந்து 96.9 ஆக உயரவேண்டும் என்பது அதன் முதற்கட்ட இலக்கு. நல்ல இலக்குத்தான். குறைசொல்ல நமக்கு விருப்பமில்லை. ஆனால் இலக்கை எட்டிய பிறகும் 3 சொச்சம் மிச்சமிருக்கிறதே, அந்த மிச்சத்தில் யார் இருக்கிறார்கள்? தோட்டம் தனியார் நிலம். கம்பெனிக்காரன் கோபுரம் நட வந்தால் வாசலில் காவல்காரன் நிற்கிறான், உள்ளே விட நிர்வாகம் யோசிக்கிறது, வாடகை பேசுகிறது. இரண்டு கம்பெனிக்கும் நடுவில் தொழிலாளி மேட்டில் ஏறி நிற்கிறான். பால் லாரி போவதற்கு உள்ள வழியில் கம்பி வருவதற்கு வழி இல்லையா?

விண்கோளிலிருந்து இண்டர்நெட் கொடுக்கும் ஸ்டார்லிங்குக்கு 2023-இல் அனுமதி தந்தார்கள். மலையும் மரமும் அதற்குப் பெரிய தடையல்ல. வானம் தெரிந்தால் போதும். ஆனால் தொடங்கியபோது மாதச் சந்தா 220 ரிங்கிட். 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். எட்டில் ஒரு பங்குக்கும் மேலாகச் சந்தாவுக்கே போனால் மிச்சத்தில் எப்படி அரிசி வாங்குவது? ஒரு வீட்டுக்கு வேண்டாம். லயத்துக்கு ஒன்று என்று நிர்வாகம் ஆபீஸ் செலவில் வைத்தால் நாம் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். கம்பி வரும்வரை அதுவாவது இருக்கட்டும்.

கிராணிமார்கள் கோபிக்கக் கூடாது, அவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்துக்கே ஒரு டெலிபோன், அது ஆபீஸில். பேசவேண்டுமானால் கிராணியார் முகம் பார்த்து நிற்கவேண்டும். அந்த நாள் மலையேறிவிட்டது. ஆனால் இன்றும் பல தோட்டங்களில் ஆபீஸுக்குக் கம்பி இருக்கிறது, லயத்துக்கு இல்லை. ஆபீஸிலிருந்து லயம் எத்தனை சங்கிலி தூரம் என்று நம்மைவிட நன்றாக அளந்து வைத்திருப்பவர்கள் கிராணிமார்கள். அந்தக் கணக்கை எழுதி நிர்வாகத்தின் மேசையில் வைக்கும் கை அவர்களுடைய கையாக இருக்கட்டும்.

நம் பக்கத்திலும் வேலை உண்டு. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பால்வெட்டுகிறவன் போட்ட சிறு சந்தாவில் தோட்டத்தையே வாங்கிக் காட்டியது. தோட்டத்தை வாங்கத் தெரிந்தவர்களுக்கு அரை மைல் கம்பி இழுக்கவா தெரியாது? ஆனால் எங்கே கம்பி இல்லை என்பதே இன்னும் முறையாக எழுதப்படவில்லை. குறை கேட்டால் “இங்கே லைன் கிடைக்காதுங்க” என்ற ஒரு வார்த்தையோடு நின்றுவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு எந்த மேசையில் பேசுவது?

ஆகவே ஒவ்வொரு கிளைச் செயலாளரும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாள் கொண்டுவரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்த லயம், எந்தப் பால்வெட்டுக் காடு, எந்த நேரத்தில் அலை இல்லை, மழை நாளில் எப்படி, வெயில் நாளில் எப்படி, மிக அருகிலுள்ள மின்கம்பம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதை எழுதினால் போதும். நாம் போன தோட்டத்தில் அளந்தே பார்த்தோம். கடைசி லயத்துக் கடைசி வீட்டு வாசலிலிருந்து மின்கம்பம் நாற்பது அடி. லைன் மேடு ஒன்றரை மைல்.